வகுப்பு வருமுன் போட்ட மாலை

அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பாதிப் பேருக்கு அம்மாவை 'ஷா ஆலம் அக்கா' என்று சொன்னால்தான் தெரியும். அம்மா ஷா ஆலமில் ஒரு நாள்கூடக் குடியிருந்தவர் இல்லை. அங்கிருந்த மாநில அரசாங்க அலுவலகங்களுக்கு நடந்தவர். நடந்து நடந்து வாங்கிய பட்டப்பெயர் அது. யாரோ கேலியாக வைத்தார்கள், அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "அந்த ஊர்ல வீடுதான் கெடைக்கல, பேராச்சும் கெடச்சிச்சே" என்பார்.

இப்படிப்பட்ட மலர்களில் இறந்தவர் எடுத்த காரியத்தை எல்லாம் முடித்தவர் என்று எழுதுவது வழக்கம். அம்மா எடுத்தது ஒரே காரியம். அது முடியவில்லை. இனி முடியும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அதை மறைத்துவிட்டு எழுதினால் இது வேறு யாருடைய அம்மாவையோ பற்றிய கட்டுரையாக ஆகிவிடும்.

கிள்ளான் பட்டணத்துக்கு வெளியே, ரப்பராக இருந்து பிறகு எண்ணெய் எடுக்கும் செம்பனையாக மாறிய ஒரு தோட்டத்தில் அம்மா பிறந்தார். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தார். வகுப்பிலேயே முதல் மாணவி தாம்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார், சாட்சிக்கு ஆளில்லை. அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் கிள்ளானுக்குப் பஸ் ஏற வேண்டும். வீட்டில் அனுப்பவில்லை. அதே தோட்டத்தைச் சேர்ந்த அப்பாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டினார். அம்மாவின் புகுந்த வீடு பிறந்த வீட்டுக்கு அடுத்த வரிசையில் இருந்தது. கண்ணீர் விட்டு வழியனுப்பக்கூட வழியில்லாத தூரம். முதலில் நான் பிறந்தேன். எனக்குப் பள்ளி வயது வந்த பிறகு, எழுபதுகளின் நடுவில், தம்பி பிறந்தான்.

தம்பி எப்போதும் சிரித்துக்கொண்டிருக்கும் குழந்தை. நடை வரத் தாமதமானது. பேச்சு இன்னும் தாமதம். வந்ததும் சில சொற்கள்தான்: அக்கா, சோறு, வா, வேணாம். கிள்ளான் ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, மூளை வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும், ஆனாலும் தனி வகுப்பில் தனி ஆசிரியர் பழக்கினால் படிப்பான் என்றார். உறவினர்களுக்கு 'மெதுவாக' என்பது காதில் விழுந்தது. அம்மாவுக்குப் 'படிப்பான்' என்பது மட்டும் விழுந்தது.

அப்போது அப்படிப்பட்ட வகுப்பு பட்டணத்தில் ஒரு மலாய்ப் பள்ளியில் இருந்தது. அம்மா தம்பிக்கு வெள்ளைச் சட்டை தைத்து, தலை வாரி, பவுடர் போட்டு அங்கே கொண்டுபோய் விட்டார். டீச்சர் நல்ல மனுஷி, பொறுமைசாலி. ஆனால் பாடம் மலாயில். தம்பியிடம் இருந்ததோ அந்த நாலைந்து தமிழ்ச் சொற்கள். வா என்றால் வருவான், உட்கார் என்றால் உட்காருவான். அதையே மலாயில் சொன்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பான். சில வாரம் கழித்து டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு, பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று பரிசோதித்துப் பாருங்கள் என்றார். அம்மா தமக்குத் தெரிந்த பாசார் மலாயில், அதாவது சந்தைப் பேச்சு மலாயில், திணறித் திணறிப் பதில் சொன்னார். வீட்டுக்கு வந்து அதை எங்களுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினார்.

"காது நல்லாக் கேக்குது டீச்சர். நீங்க பேசுறதுதான் அவனுக்குத் தெரியலன்னேன். பாவம், அவங்களும் என்ன செய்வாங்க?"

அந்தச் சில வாரங்களில் தம்பி வீட்டிலும் பேசுவதை நிறுத்தியிருந்தான். பசித்தால் தட்டைக் காட்டுவான்; 'சோறு' வராது. அம்மா அவனை அங்கிருந்து நிறுத்திவிட்டார். இருக்கிற நாலு சொல்லும் போய்விட்டால் இவன் எதைக் கொண்டு வாழ்வான் என்பதுதான் அன்றைக்கு அம்மாவைப் பிடித்த பயம். கடைசி மூச்சு வரை அது விடவில்லை.

அம்மா கேட்டது பெரிய கோரிக்கை ஒன்றுமில்லை. எங்கள் தோட்டத்துப் பள்ளியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஓர் அறை, பயிற்சி பெற்ற, தமிழ் பேசுகிற ஓர் ஆசிரியர். கேட்கப் போனபோதுதான் பள்ளியின் ஜாதகமே எங்களுக்குத் தெரிந்தது. எங்கள் பள்ளி பகுதி உதவி பெறும் பள்ளி. ஆசிரியர்களுக்கு அரசாங்கம் சம்பளம் தரும். கட்டடத்துக்குத் தராது, ஏனென்றால் நிலம் தோட்டக் கம்பெனியுடையது. சிறப்பு வகுப்புக்கு ஆசிரியர் வேண்டுமென்றால் முதலில் தகுந்த அறை இருக்க வேண்டும். அறை கட்ட உதவி வேண்டுமென்றால் நிலம் அரசாங்கத்துடையதாக இருக்க வேண்டும். நிலத்தைக் கேட்டால், மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்றது கம்பெனி. அந்த மேலிடம் எந்த நாட்டில் இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது.

தம்பியைப் போன்ற பிள்ளைகள் எங்கள் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டங்களிலும் இன்னும் சிலர் இருந்தார்கள். வீட்டுக்குள் வைத்திருந்தார்கள். எங்களுக்குப் பின் வரிசையில் குடியிருந்த ராஜம்மா அக்காவின் மகள் வாசலுக்கு வந்ததை நான் பார்த்ததே இல்லை. அம்மா போய் அந்தக் கதவைத் தட்டினார்.

"ஒளிச்சு வச்சா நம்ம புள்ளைங்க யாரு கண்ணுக்கும் தெரிய மாட்டாங்க ராஜம்மா. கண்ணுக்குத் தெரியாததுக்கு யாரு வகுப்பு குடுப்பா? கெளம்பு."

அப்படிச் சில தாய்மார் சேர்ந்து ஷா ஆலமுக்குப் போகத் தொடங்கினார்கள். கார் வைத்திருப்பவர்களுக்காகக் கட்டிய ஊர் அது. பஸ் எங்கோ இறக்கிவிடும். அங்கிருந்து நிழலே இல்லாத சாலையில் நடக்க வேண்டும். அம்மா ஒவ்வொரு முறையும் தம்பியைக் கூட்டிக்கொண்டு போவார். அவனைப் பார்க்காமல் எப்படி முடிவு செய்வார்கள் என்பது அவருடைய வாதம். தம்பிக்கு அங்கே ஒன்றே ஒன்று பிடிக்கும், அது லிஃப்ட். எல்லாப் பொத்தானையும் அமுக்கிவிடுவான். கோப்புகளோடு நிற்கும் அதிகாரிகள் மாடிக்கு மாடி நின்று நின்று போக வேண்டும். "நம்மள நிக்க வைக்கிறாங்கல்ல, கொஞ்சம் அவங்களும் நிக்கட்டும்" என்று அம்மா மெல்லச் சொல்வார். பல அலைச்சல்களில் அவருக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அந்த லிஃப்ட்தான்.

மனுக்களை எழுதிக் கொடுத்தவர் கிராணி ஐயா. எங்கள் தோட்ட ஆபீசில் கிராணியாக, அதாவது கணக்கராக இருந்து ஓய்வு பெற்று, தலைநகரில் பிரிக்பீல்ட்சில் மகளோடு தங்கியிருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். வேலையில் இருந்த காலத்தில் தோட்டத்து ஆட்களிடம் அதிகம் பேசமாட்டார். ஓய்வு பெற்ற பிறகுதான் பேசத் தொடங்கினார் என்று அப்பா கிண்டல் செய்வார். அம்மா கிள்ளானிலிருந்து ரயிலேறிப் போய் அவர் வீட்டு மேசைக்கு எதிரே உட்காருவார். அம்மா தமிழில் சொல்லச் சொல்ல, ஐயா மலாயிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு அடிப்பார்.

எண்பதுகளின் நடுவில் தேர்தல் நெருங்கிய சமயம், எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வந்தார். அவரை எல்லாரும் ஒய்.பி. என்றுதான் சொல்வோம். அவர் மைக்கைப் பிடித்து, சிறப்பு வகுப்புக்கு ஏற்பாடு செய்துவிட்டேன், ஆசிரியர் வரப்போகிறார், பள்ளியில் இருக்கும் சாமான் அறையைச் சுத்தம் செய்து வையுங்கள் என்றார். அம்மா கூட்டத்தில் நின்றபடியே அழுதுவிட்டார். மறுநாளே தாய்மார்கள் சேர்ந்து அந்த அறையைக் கழுவினார்கள். அப்பா துறைமுகத்து நண்பர்களிடம் பெயிண்ட் கேட்டு வாங்கிவந்து நீல நிறம் அடித்தார்.

பெற்றோர் சங்கத் தலைவர் மளிகைக்கடைக்காரர். அவர்தான், ஒய்.பி.க்கு ஒரு பாராட்டு விழா எடுக்க வேண்டும், பொன்னாடை, மாலை, பத்திரிகைப் படம் எல்லாம் இருக்க வேண்டும் என்றார். நம் ஆட்களுக்கு இது சொல்லித்தர வேண்டிய விஷயமா? உதவி செய்கிறேன் என்று சொன்னவரைச் சும்மா அனுப்புவது நம் வழக்கத்தில் இல்லை. அம்மா இந்தச் சந்தோஷச் செய்தியைச் சொல்லப் பிரிக்பீல்ட்சுக்குப் போனபோது நானும் உடன் போயிருந்தேன். கிராணி ஐயா கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அம்மாவைக் கேட்டார்.

"பிள்ளை, ஆசிரியர் வந்திட்டாரோ?"

"இன்னும் வரலீங்க ஐயா. வந்துருவாருன்னு சொன்னாரு."

"அப்ப மாலையைத் தொடாதேங்கோ. நான் ஆபீஸ் வேலையிலேயே தலை நரைச்சவன். நன்றி எண்டு ஒருக்கா சொல்லிப்போட்டால் விஷயம் முடிஞ்சுது எண்டுதான் அதிகாரிமார் கோப்பிலை எழுதுவினம். முதலிலை ஆள் வந்து பாடம் எடுக்கட்டும். பிறகு யானை மேலயும் ஏத்துங்கோ."

அம்மா, "நீங்க சொல்றது புரியுதுங்க ஐயா. ஆனா நம்ம எடத்துக்கு வர்ற மனுசன வெறுங் கழுத்தோட எப்படிங்க அனுப்புறது?" என்றார். ஐயா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

விழாவில் மாலையைத் தம்பி போட வேண்டும் என்று முடிவானது. அம்மா வீட்டில் தினமும் பயிற்சி கொடுத்தார். நான்தான் ஒய்.பி. பழைய துண்டுதான் மாலை. "போடணும். கையெடுத்துக் கும்புடணும். அப்புறம் பக்கத்துல நின்னு முன்னால பாத்துச் சிரிக்கணும். எல்லாரும் கை தட்டுவாங்க, நீயும் தட்டணும்." முதலில் துண்டை என் தலைமேல் போட்டுவிட்டு ஓடிவிடுவான். பிறகு கழுத்தில் விழுந்தது. பிறகு கும்பிட்டான். ஒருநாள் எல்லாவற்றையும் வரிசையாகச் செய்து, தானே கை தட்டி, என்னைப் பார்த்து "அக்கா!" என்று கத்தினான். அம்மா அவனைக் கட்டிக்கொண்டார்.

"பாத்தியா? சொல்லிக் குடுத்தா வருது! டாக்டரு பொய் சொல்லல."

விழாவில் தம்பி ஒரு பிழையும் செய்யவில்லை. அம்மா பொன்னாடை போர்த்தினார். மைக்கில், "எங்க கொறை தீந்துச்சுங்க" என்றார். மறுநாள் தமிழ்ப் பத்திரிகையில் ஒய்.பி. நடுவில், ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் தம்பி. மேலே, சிறப்பு வகுப்புக்குப் பெற்றோர் நன்றி என்று கொட்டை எழுத்து. குழந்தை பிறக்கும் முன்னே பெயர் வைத்த கதை என்று இப்போது எளிதாகச் சொல்லலாம். அன்றைக்குத் தோட்டமே அந்தப் படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டியது.

தேர்தல் முடிந்தது. ஆசிரியர் வரவில்லை. பள்ளி விடுமுறை வந்துபோனது, வரவில்லை. நீல அறை சும்மா கிடப்பதைப் பொறுக்காமல் அம்மாவே தினமும் தம்பியையும் ராஜம்மா அக்காவின் மகளையும் அழைத்துப்போய் அங்கே உட்கார்ந்து, நிறமும் எண்ணும் சொல்லிக்கொடுத்தார். மேற்பார்வைக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்று செய்தி வந்ததும், பயிற்சி இல்லாதவர் பாடம் நடத்தினால் தம் வேலைக்கே ஆபத்து என்று தலைமையாசிரியர் கைகூப்பினார். அம்மா பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துவந்தார். அந்த அறைக்குள் உடைந்த மேசைகள் திரும்பிப் போயின.

மறுபடியும் ஷா ஆலம். கோப்பைத் திறந்த மலாய்ப் பெண் அதிகாரி மரியாதையானவர். கோப்பில் அந்தப் பத்திரிகைப் படம் இருந்தது. அவர் படத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இனி காகாக் கான்?" என்றார். இது அக்காதானே என்று கேட்கிறார்.

அம்மா ஆமாம் என்றார்.

"சூடா செலெசாய் லா, காக்."

முடிந்துவிட்டது அக்கா என்று பொருள். இன்னும் வகுப்பு வரவில்லை என்று அம்மா சொல்ல, அவர் குழம்பிப்போய், வராத வகுப்புக்கு ஏன் நன்றி சொன்னீர்கள் என்று கேட்டார். அது அநியாயமான கேள்வி இல்லை. அன்றைக்கு லிஃப்டில் தம்பி எல்லாப் பொத்தானையும் அமுக்கினான். அம்மா முதல் முறையாக அவன் கையில் அடித்தார்.

ஒய்.பி.யின் சேவை மையத்தில் உதவியாளர், "ஒய்.பி. செய்ய வேண்டியத செஞ்சிட்டாரு லா அக்கா, நீங்களே மேடையில சொன்னீங்க" என்றார். பெற்றோர் சங்கத் தலைவரோ, "மாலை போட்ட கையாலயே மனு எழுதுனா நம்மள யாரு மதிப்பா?" என்று ஒதுங்கிக்கொண்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். எங்கள் விஷயத்தில் சாமியும் கொடுக்கவில்லை. ஆனால் நேர்த்திக்கடனை மட்டும் முன்கூட்டியே செலுத்தியிருந்தோம். கிராணி ஐயா ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. புதிய தாளைச் செருகி, "சொல்லுங்கோ பிள்ளை" என்றார். அந்தப் பெருந்தன்மைதான் அம்மாவை அழவைத்தது.

அதன் பிறகு அம்மா யாருக்கும் நன்றி சொல்வதை விட்டுவிட்டார். இதை அறியாமல் அவரைத் திமிர் பிடித்தவர் என்று நினைத்த உறவினர்கள் உண்டு. அவர்களும் இந்த மலரைப் படிக்கட்டும். என் திருமணத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஒரு பிரமுகருக்குப் பொன்னாடை போட ஏற்பாடு செய்திருந்தார்கள். அம்மா நேரே அவரிடம் போய், "நல்லா சாப்புட்டுப் போங்க. துண்டு கெடையாது" என்றார். என் மாமியார் அதை மன்னிக்கப் பல ஆண்டுகள் ஆயின.

அம்மாவின் நடை மட்டும் நிற்கவில்லை. அதிகாரிகள் மாறினார்கள், ஒய்.பி. மாறினார், கோப்பும் படமும் மாறவில்லை. தம்பிக்குப் பள்ளி வயது கடந்தது. இனி வகுப்பு வந்தாலும் அவனைச் சேர்க்கமாட்டார்கள் என்று தெரிந்த பிறகும் அம்மா போனார், ராஜம்மா அக்காவின் மகளுக்காக. அவளுக்கும் வயது கடந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றார்கள். வரிசை வீடுகளை இடித்தார்கள். நாங்கள் கிள்ளானில் அடுக்குமாடிக்குப் போனோம். ராஜம்மா அக்கா ரவாங் பக்கம் மகனோடு போய்விட்டார். பள்ளியை வேறு இடத்தில் கட்டித் தருவார்களாம். அங்கேயாவது அறை உண்டா என்று கேட்க அம்மா மறுபடி பஸ் ஏறினார். மீசை முளைத்த தம்பி கூடவே போனான்.

அப்பா மாரடைப்பில் காலமானார். அம்மாவுக்கு இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோய் முற்றிச் சிறுநீரகம் கெட்டது. கடைசி நாட்களில் கிள்ளான் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, "அவங்கிட்ட தமிழ்ல பேச ஆள் இருக்கணும்." இன்னொன்று, "என் காரியம் முடிஞ்சி மலர் போடுவீங்க. உண்மையா செஞ்சவங்களுக்கு நன்றி போடு. அந்த வகுப்புக்குப் போட்டுறாத. அது இன்னும் வரல."

முதலாவதை என்னால் காப்பாற்ற முடியவில்லை. நான் சுங்கை வே வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறேன். பகலில் தம்பியை ஒரு காப்பகத்தில் விடுகிறேன். நல்லவர்கள், சுத்தமாக வைத்திருக்கிறார்கள். தமிழ் தெரிந்தவர் அங்கே இல்லை. போன மாதம் வீட்டில் நான் சோறு ஊட்டப் போனபோது அவன் தலையைத் திருப்பிக்கொண்டு "தா மாவ்" என்றான். வேணாம் என்பதற்கு மலாய். 'வேணாம்' போய்விட்டது. 'சோறு' அதற்கு முன்பே போயிருந்தது. 'அக்கா' மட்டும் இன்னும் இருக்கிறது.

இரண்டாவதைக் காப்பாற்றுகிறேன். அம்மாவின் மனுக்களைக் கைவலிக்கத் தட்டச்சு அடித்த, இன்று இல்லாத கிராணி ஐயாவுக்கு நன்றி. வெயிலில் இந்தக் கூட்டத்தைக் கண்டு, நிறுத்தம் இல்லாத இடத்திலும் பஸ்ஸை நிறுத்திய ஓட்டுநர்களுக்கு நன்றி. அம்மாவைத் தோளில் சுமந்த அப்பாவின் லோரி நண்பர்களுக்கு நன்றி. ரவாங்கிலிருந்து மகளோடு வந்து பதினாறு நாளும் கூட இருந்த ராஜம்மா அக்காவுக்கு நன்றி. இவர்கள் செய்தது செய்து முடித்த காரியம்.

பதினாறாம் நாள் காரியத்தில் அம்மாவின் படத்துக்கு மாலை போட, மகன் என்பதால் தம்பியை அழைத்தார்கள். அவன் மாலையைப் போட்டான். கையெடுத்துக் கும்பிட்டான். பிறகு படத்தின் பக்கத்தில் நின்று, முன்னால் பார்த்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் கை தட்டினான். வந்திருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். ஒரு பெரியவர் அவனை அதட்டி இழுத்துவிட்டார்.

இந்த ஓராண்டு நினைவு நாளிலும் மாலையை அவன்தான் போடுவான். அவன் சிரித்தால், கை தட்டினால், தயவுசெய்து யாரும் அதட்ட வேண்டாம். அவன் முழுதாகப் படித்த ஒரே பாடம் அது. அம்மா சொல்லிக்கொடுத்தது.